செபமாலை அணிந்த பிச்சைக்காரர்

உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒருவேளை அவருடைய படம் தொங்கிக்கொண்டிருக்கும். கறுத்த அங்கி, மெலிந்த முகம், கையில் ஒரு சிலுவை. புனித யோசேவாஸ் முனிவரைப்பற்றி அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இல்லையென்றே சொல்லலாம். ஞானோபதேச வகுப்பில் படித்திருப்பீர்கள். தை மாதம் 16ஆம் திகதி அவருடைய திருநாளில் மறையுரைகளில் கேட்டிருப்பீர்கள். கண்டியில் அவர் மழை பெய்வித்த கதையைச் சிறுபிள்ளைகளும் சொல்லும்.

ஆனால் அந்த மழைக்கு முந்திய ஆண்டுகளை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. ஒரு தனி மனிதர், பணபலமோ படைபலமோ இல்லாமல், ஒரு பெரும் வல்லரசு பூட்டிவைத்திருந்த நாட்டுக்குள் நுழைந்து எப்படி நிலைத்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தக் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

முதலில் இந்நாட்டின் நிலைமையை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். 1656ஆம் ஆண்டில் கொழும்புக் கோட்டையும் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் கையில் விழுந்தன. போர்த்துக்கேயரோடு சேர்த்துக் கத்தோலிக்கக் குருக்களும் நாடு கடத்தப்பட்டனர். கோயில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்குரியவையாயின. குரு ஒருவருக்கு வீட்டில் இடங்கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று 1658இலேயே சட்டம் பிறந்தது. அதைவிட நுட்பமானது மற்றொரு பொறி. ஒல்லாந்தரின் கோயிலிலே திருமுழுக்கும் விவாகமும் பதியப்படாதவனுக்குக் காணி பூமியில் உரிமை காட்டுவது கடினமாயிற்று. ஆகவே பகலில் பெயரை அங்கே பதிந்துவிட்டு, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொல்லும் வாழ்க்கை நம் முன்னோருக்கு வாய்த்தது. அவர்களைக் கோழைகள் என்று இன்று நாற்காலியில் இருந்துகொண்டு தீர்ப்பிடுவது எளிது. பிள்ளைகுட்டிகளோடு அந்தக் காலத்தில் வாழ்ந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போமோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

அந்நாட்களில்தான் மாந்தையிலிருந்த சில குடும்பங்கள் தங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் போயின என்று நாம் பாரம்பரியமாகக் கேட்டு வருகிறோம். சொரூபம் இருந்தது, செபமாலை இருந்தது. குரு மாத்திரம் இல்லை. ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, மணமுடித்து, தானும் பிள்ளை பெற்று, அதுவரையில் ஒரு திருப்பலிகூடக் காணாமல் இருக்கக்கூடிய அளவு காலம் அப்படியே கழிந்தது.

இனி, கடலுக்கு அப்பால் கோவாவுக்கு வருவோம். 1651ஆம் ஆண்டு சித்திரை மாதம் 21ஆம் திகதி, தாயாரின் ஊராகிய பெனாலிமில் யோசேவாஸ் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோபர் வாஸ், தாயார் மரியா மிராண்டா. கொங்கணி பேசும் பிராமண குலத்துக் கத்தோலிக்கக் குடும்பம் அது. கோவா நகரில் இயேசு சபையாரின் கல்லூரியிலும் பின்னர் சாமிநாதர் சபையாரிடமும் கற்று, 1676ஆம் ஆண்டில் குருவானார். குருவான நாள் முதல் பாதரட்சை அணிவதையும் விட்டார். அடுத்த ஆண்டு ஆவணி மாதம் 5ஆம் திகதி, தம்மைத் தேவதாயின் அடிமையாக எழுதிக் கையொப்பமிட்டு ஒப்புக்கொடுத்தார்.

இங்கே ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். போர்த்துக்கேய ஆட்சியில் இருந்த கோவாவில் இந்தியக் குருக்களுக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. பெரிய துறவற சபைகள் எல்லாம் ஐரோப்பியருக்கானவை; நாட்டவரை அவை சேர்த்துக்கொள்வதில்லை. நிறம் தடுத்தது. கல்வியும் பக்தியும் எவ்வளவு இருந்தாலும் பங்குக்குருவுக்கு உதவியாளராய் இருப்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட இடம். திருச்சபையின் பிள்ளைகளே திருச்சபையின் பிள்ளைகளுக்குச் செய்த இந்த அநியாயத்தை மூடி மறைப்பதால் புனிதருக்கு ஒரு பெருமையும் வராது.

இலங்கைக் கத்தோலிக்கர் மேய்ப்பனில்லா மந்தையாய்க் கிடக்கும் செய்தி அவர் காதுக்கு எட்டியது. தாம் போவதாக முன்வந்தார். மேலிடத்தார் சம்மதிக்கவில்லை; மாறாக 1681ஆம் ஆண்டில் கன்னட நாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே மங்களூர்ப் பக்கத்தில் மூன்று ஆண்டுகள் உழைத்தார். அங்கேயும் கோவா மேற்றிராணியாரின் அதிகாரத்துக்கும் உரோமையால் அனுப்பப்பட்டவரின் அதிகாரத்துக்குமிடையே பெரும் வழக்கு. அந்த வழக்கின் நடுவில் அகப்பட்டுப் பொறுமையைக் கற்றுக்கொண்டு 1684ஆம் ஆண்டில் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு, கோவாவில் திருச்சிலுவைக் கோயிலோடு சேர்ந்து வாழத் தொடங்கியிருந்த சில இந்தியக் குருக்கள் அவரைத் தங்கள் தலைவராக்கிக்கொண்டார்கள். அதுவே ஓறற்றோரியன் சபை. எவரும் சேர்த்துக்கொள்ளாதவர்கள் தாங்களே ஒன்றுசேர்ந்து கட்டிய வீடு என்று அதைச் சொல்லலாம். நமது நாட்டின் விசுவாசத்தை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் காப்பாற்றியது அந்த வீடுதான்.

அங்கே தலைவராய் இருந்து மதிப்போடு காலங்கழித்திருக்கலாம். இலங்கையின் நினைவு அவரை விடவில்லை. 1686ஆம் ஆண்டு கோவாவை விட்டுப் புறப்பட்டார். மேற்குக் கரை வழியே இறங்கித் தூத்துக்குடியை அடைந்தார். அந்தத் துறைமுகமும் அப்போது ஒல்லாந்தரின் பிடியில். அங்கியைக் கழற்றினார். கூலி வேலைக்காரனின் கந்தை ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டார். திருப்பலிக்கு வேண்டிய பொருட்கள் ஒரு மூட்டைக்குள் ஒளிந்தன. கூடவே வந்தவர் யோவான் என்னும் பணியாளர் ஒருவர் மாத்திரமே.

அந்த யோவானை நாம் மறந்துவிடுகிறோம். முனிவர் தனியே வந்தார், தனியே வென்றார் என்று மேடைகளில் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு. யோவானுக்குக் குருப்பட்டமும் இல்லை, படமும் இல்லை, திருநாளும் இல்லை. ஆனால் அவர் இல்லையேல் இந்தக் கதை முதல் மாதத்திலேயே முடிந்திருக்கும். ஏனென்பதைச் சொல்லுகிறேன்.

1687ஆம் ஆண்டில் இருவரும் தோணி ஏறினார்கள். கடல் கொந்தளித்தது. நாட்கணக்கில் அலைந்து, உணவும் நீரும் போதாமல் வருந்தி யாழ்ப்பாணத்தை வந்தடைந்தபோது, அடிகளாருக்குக் கடுமையான வயிற்றளைச்சல் கண்டிருந்தது. யாரென்று தெரியாத பரதேசி, அதிலும் நோயாளி. தொற்றுநோயாய் இருக்குமென்று சனங்கள் அஞ்சி விலகினார்கள். கூரையில்லாத இடத்தில் சாகக் கிடந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, கழுவித் துடைத்துப் பார்த்தவர் யோவான். இரக்கமுள்ள ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து ஊற்றினாள் என்று பாரம்பரியம் சொல்லுகிறது. அவளுடைய பெயர் விண்ணகத்தில் எழுதியிருக்கும்.

நினைத்துப் பாருங்கள், வாசகரே. ஒரு பக்கத்தில் ஒல்லாந்த வர்த்தகக் கொம்பனி. ஆசியாக் கடலெங்கும் அதன் கப்பல்கள், கரையெங்கும் கோட்டைகள், ஊரெங்கும் ஒற்றர்கள். மறுபக்கத்தில் எழுந்து நிற்கவும் பலமில்லாத, முப்பத்தாறு வயதுக் குரு ஒருவர். பந்தயம் கட்டுகிறவன் எவனும் இந்தக் குருவின்மேல் ஒரு செப்புக் காசும் கட்டியிருக்க மாட்டான்.

நோய் தீர்ந்ததும் அடுத்த சிக்கல் வந்தது. கத்தோலிக்கர் யார்? வெளியே கேட்க முடியாது. கேட்டவன் ஒற்றனென்று கேட்கப்பட்டவன் நினைப்பான்; பதில் சொன்னவன் ஒற்றனாயிருந்தால் கேட்டவன் தொலைந்தான். முப்பது வருடப் பயம் எல்லார் வாயையும் கட்டியிருந்தது. அப்போது அவர் ஒரு வழி கண்டார். பெரிய செபமாலை ஒன்றைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாய்ப் பிச்சைக்குப் போனார். அரிசி போடும் கையை அவர் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். செபமாலையைக் கண்டதும் எந்தக் கண் சற்றே தயங்குகிறது, எந்த முகம் மாறுகிறது என்று பார்த்தார். ஆபத்தான வேலை. கத்தோலிக்கனின் கண்ணில் படும் செபமாலை ஒற்றனின் கண்ணிலும் படுமல்லவா?

படிப்படியாக ஒரு வீட்டார் மனந்திறந்தனர். பிச்சைக்காரன் ஒரு குருவென்று அறிந்தபோது அவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்பதை எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. பட்டணத்தில் இருப்பது ஆபத்தென்று அவரைச் சில்லாலைக்குக் கொண்டுபோனார்கள். சில்லாலை மக்கள் விசுவாசத்தில் அசையாதவர்களென்று அக்காலத்திலேயே பெயரெடுத்திருந்தனர். இன்றும் அவ்வூரார் அந்த நினைவைப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். அதில் அவர்களுக்குச் சற்றுப் பெருமை இருந்தாலும் நாம் குறைசொல்லலாகாது, பெருமைப்பட அவர்களுக்கு உரிமை உண்டு.

சில்லாலையில் தங்கி, இருட்டியபின் புறப்பட்டு, சுற்றுக் கிராமங்களில் பாவசங்கீர்த்தனம் கேட்டு, விடியுமுன் திருப்பலி ஒப்புக்கொடுத்துவிட்டுத் திரும்புவார். பகலில் ஒளிவு. அவருடைய நிறமே அவருக்குக் கவசமாயிற்று. வெள்ளைக்காரக் குரு ஒருவர் யாழ்ப்பாணத் தெருவில் பத்து அடி வைத்திருந்தால் அகப்பட்டிருப்பார். கோவாவில் எந்த நிறத்தைக் காட்டிச் சபைகள் கதவைச் சாத்தினவோ, அதே நிறம் இங்கே காவல் வீரர்களின் முன்னால் வழியைத் திறந்துவிட்டது. கூலியாளோடு கூலியாளாய், பிச்சைக்காரரோடு பிச்சைக்காரராய் அவர் நடந்து போனார். பலவீனமென்று மனிதர் ஒதுக்கியதை ஆண்டவர் எப்படிக் கையாள்கிறார் என்பதை இங்கே பாருங்கள்.

ஆயினும் எத்தனை நாளைக்கு மறைக்கலாம்? மக்கள் மறுபடி உற்சாகம் கொள்வதை ஒல்லாந்தர் உணர்ந்தார்கள். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், யாழ்ப்பாணத்து ஒல்லாந்த அதிகாரிகளின் ஆட்கள், நள்ளிரவுப் பூசைக்குக் கூடியிருந்த வீடுகளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஏராளமானோர் பிடிபட்டனர். அடிகளார் அகப்படவில்லை. பிடிபட்டவர்களுள் முக்கியமானவர்கள் கசையால் அடிக்கப்பட்டார்கள். ஒல்லாந்தரின் சபையை விட்டுக் கத்தோலிக்கராயிருந்த தொன் பேதுரு என்பவர் அந்த அடியிலேயே உயிர்விட்டார். மற்றவர்கள் விலங்கிடப்பட்டுக் கடின வேலைக்கு அனுப்பப்பட்டார்கள்.

அடிகளாரின் மனத்தில் அன்று என்ன நிகழ்ந்திருக்கும்? தாம் தப்பினார், தமக்கு இடங்கொடுத்தவர்கள் அடிபட்டார்கள். வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உழைத்துக் கட்டியதெல்லாம் ஒரே இரவில் சிதறிப்போயிற்று. தாம் வராதிருந்தால் தொன் பேதுரு உயிரோடிருந்திருப்பாரே என்ற எண்ணம் ஒரு மனிதனைத் தின்றுவிடக் கூடியது. புனிதர்களும் இரத்தமும் சதையும் உள்ளவர்களே. அவர் கோவாவுக்குத் திரும்பியிருந்தால் எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பவில்லை. தாம் தொடர்ந்து யாழ்ப்பாணத்தில் இருப்பது அம்மக்களுக்கே ஆபத்து என்பதை உணர்ந்து, கண்டி இராச்சியத்துக்குட்பட்டிருந்த புத்தளத்துக்குப் போனார். அங்கே ஒல்லாந்தரின் சட்டம் செல்லாது. அங்கிருந்த கத்தோலிக்கரை ஒன்றுசேர்த்து உழைத்துவிட்டு, இந்நாட்டில் தமக்கொரு நிலையான இடம் கிடைக்குமாயின் அது கண்டி மன்னரின் நிழலில்தான் என்று முடிவுசெய்தார்.

1692ஆம் ஆண்டு கண்டிக்குப் புறப்பட்டார். அன்ரனி சொத்தொமாயோர் என்ற கத்தோலிக்க வியாபாரி அவருக்கு வழிசெய்து கொடுத்தார். ஆனால் அரண்மனையிலே செல்வாக்குப் பெற்றிருந்த லானரோல் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கல்வினுடைய மார்க்கத்தவர். வருகிறவன் குருவல்ல, போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று மன்னருக்கு ஓதிவைத்தார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் ஆளனுப்பினார். எந்த ஊரை அடைக்கலமென்று நம்பி நடந்தாரோ அந்த ஊருக்குள் அடிகளார் விலங்கோடு நுழைந்தார். சொத்தொமாயோரும் யோவானும் அவரோடு சிறைப்பட்டனர்.

ஒல்லாந்தரிடமிருந்து தப்பி வந்தவர் ஒற்றனென்று கண்டியில் கைதி. இதைவிடக் கீழே இறங்க இடமில்லை என்று நமக்குத் தோன்றும். அவரோ சிறையில் உட்கார்ந்து சிங்களம் படித்தார். தமிழை ஏற்கெனவே கற்றிருந்தார். காவல் சற்றுத் தளர்ந்தபோது சிறையிடத்திலேயே ஒரு குடில் போட்டுப் பீடமொன்றை அமைத்துக்கொண்டார். கண்டியிலிருந்த கத்தோலிக்கர்கள் ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராய் வரத் தொடங்கினார்கள். கைதியைக் கவனித்துவந்த மன்னருக்கும் இவன் ஒற்றனல்லன் என்பது மெல்ல மெல்லப் புலனாயிற்று.

பின்பு 1693ஆம் ஆண்டில் கடும் வரட்சி. மன்னரின் வேண்டுகோளின்படி அடிகளார் வெளியில் பீடம் வைத்து, சிலுவை நாட்டி, முழந்தாளிட்டார், மழை கொட்டியது, அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்பர். விடுதலை கிடைத்தது. நாடெங்கும் போய்ப் போதிக்க அனுமதியும் கிடைத்தது. இந்தப் பகுதி உங்களுக்கு நன்றாய்த் தெரியும், ஆகவே விரிக்கவில்லை.

விடுதலையானபின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ஒல்லாந்தர் ஆண்ட கரையோரத்துக்கே மறுபடியும் வேடம் மாறி இறங்கினார். தேசாதிபதி வீற்றிருந்த கொழும்பிலும், நீர்கொழும்பிலும், மன்னாரிலும், யாழ்ப்பாணத்திலும், கிழக்குக் கரையிலும் வெறுங்காலால் நடந்தார். காட்டு வழி, அட்டை, காய்ச்சல், யானை. அவர் வந்தது முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இலங்கை முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. எல்லாருடைய பாவசங்கீர்த்தனத்தையும் அவர் கேட்டார். அவருடையதைக் கேட்க இத்தீவில் ஒரு குரு இல்லை. குருத்துவ வாழ்வை அறிந்தவர்களுக்கு இதன் பாரம் விளங்கும். பசியையும் விலங்கையும்விட இதுவே அவருக்குக் கனத்த சிலுவையாய் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஒருவரால் எல்லா இடத்திலும் இருக்க முடியாது. ஆகவே ஊர்தோறும் ஒரு மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார்கள். செபம் சொல்லிக்கொடுக்கவும், ஆபத்தில் திருமுழுக்குக் கொடுக்கவும், மரிப்பவருக்குத் துணைநிற்கவும் பொதுநிலையினர் பழக்கப்பட்டார்கள். குரு ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும் வராவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை செபம் நின்றுபோகாது. ஒல்லாந்தரால் ஒரு குருவைப் பிடிக்கலாம். ஊருக்கொரு அண்ணாவியாரை எப்படிப் பிடிப்பது? இன்று உங்கள் பங்கில் பெரிய வியாழனன்று ஒப்பாரியும் புலம்பலும் பாட முன்னிற்கும் முதியவரைக் காணும்போது, அவர் எந்த வரிசையில் வந்தவரென்று ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவழியாய்க் கோவாவிலிருந்து துணை வந்தது. வண. யோசேப் மெனேசஸ், அடிகளாரின் மருமகனான வண. யோசேப் கர்வாலோ ஆகிய ஓறற்றோரியன் குருக்கள் வந்து சேர்ந்தனர். கொச்சி மேற்றிராணியார் யோசேவாஸ் அடிகளாரை இலங்கைக்குக் குருமுதல்வராக நியமித்தார். அந்த நியமனம் அவருக்கு எந்த வசதியையும் கொண்டுவரவில்லை, அவர் தேடவுமில்லை.

1697ஆம் ஆண்டு கண்டியில் வைசூரி பரவியது. மழைப் புதுமையைவிட இந்த ஆண்டுதான் எனக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது. மன்னர் தலைநகரை விட்டு நீங்கினார். வசதியுள்ளவர்கள் ஓடினார்கள். நோய் கண்டவர்களைச் சொந்தக்காரரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். தாய் பிள்ளையை விட்டாள், பிள்ளை தாயை விட்டது. மாமனும் மருமகனுமாகிய அந்த இரண்டு குருக்களும் மட்டும் காட்டுக்குள் போனார்கள். குடிசை போட்டார்கள். கஞ்சி காய்ச்சினார்கள். சீழைக் கழுவினார்கள். இறந்தவர்களுக்குக் குழி வெட்டினார்கள். கத்தோலிக்கன், பௌத்தன் என்ற வேற்றுமை பார்க்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டு இப்படி நடந்தது. யாழ்ப்பாணக் கரையில் தாம் நோயாளியாய், எல்லாரும் விலகி நடக்கக் கிடந்த அந்த நாட்கள் அவருக்கு மறந்திருக்குமா? அன்று யோவான் தமக்குச் செய்ததை இன்று அவர் முகந்தெரியாதவர்களுக்குச் செய்தார். இதைக் கேள்வியுற்ற மன்னர் அடிகளாரைப் பெரிதும் மதித்தார். ஒற்றனென்று விலங்கிட்ட அதே மன்னர்.

பிற்காலத்தில் இன்னும் பல குருக்கள் வந்தார்கள். 1705ஆம் ஆண்டில் வந்த வண. யாக்கோமே கொன்சால்வஸ் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதி விசுவாசத்துக்கு மொழி கொடுத்தார். தாம் விதைத்ததை அறுவடை செய்ய ஆட்கள் வருவதைக் கண்டபின்னரே அடிகளாரின் உடல் தளர்ந்தது. 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் திகதி இரவு, கண்டியில், தம்முடைய ஐம்பத்தொன்பதாம் வயதில் அவர் ஆண்டவரிடம் சென்றார். இருபத்துநான்கு ஆண்டுகள் இங்கே உழைத்தார். ஒருமுறையாவது சொந்த ஊரைப் பார்க்கத் திரும்பிப் போகவில்லை.

கண்டியில் அவரை அடக்கம்செய்த கோயில் பிற்காலத்தில் அழிந்துபோயிற்று. அவர் கல்லறை இருந்த இடம் இன்று அடையாளமில்லை. ஒல்லாந்தரும் 1796இல் ஆங்கிலேயரிடம் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கத்தோலிக்கர்மேல் அவர்கள் வைத்த சட்டத் தடைகளை 1806ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியாளர் நீக்கியபோது, கணக்கெடுக்கத்தக்க ஒரு கத்தோலிக்க மக்கட் கூட்டம் இத்தீவில் நிமிர்ந்து நின்றது.

1995ஆம் ஆண்டு தை மாதம் 21ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பு காலிமுகத்திடலில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டத்தை அளித்தார். அதே திடலில் 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். ஒல்லாந்தரின் கொழும்புக் கோட்டைக்குப் பக்கத்திலே விரிந்துகிடக்கும் வெளி அது. இருட்டிலே, கூலியாளின் கந்தையோடு, யாரும் கண்டுவிடாமல் அவர் நுழைந்த நகரம். அன்று காலையில் அங்கே இலட்சக்கணக்கானோர் கூடி நின்று அவர் பெயரை உரத்துப் பாடினார்கள். மாலையில் பாப்பரசர் மடுத் தாயிடம் போனார்.